யோகேஸ்வரி மாட்டிய மெமரி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு விடியற்காலை பஸ்ஸில் பதினெட்டு வருஷமாகப் போய்வருகிறவள் யோகேஸ்வரி. நூல் மில்லில் அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுகிற வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடிதான். மிஷின் இரைச்சலில் காது பாதி மந்தமாகிவிட்டது. விரல் மட்டும் அப்படியே இருக்கிறது. நூல் சுற்றிச் சுழல்கிற கதிரில் அறுந்த முனையைப் பார்க்காமலே எடுத்து ஒட்டிவிடும்.

மில்லில் நூலைச் சோதிக்கிற லேப்பில் ஓர் இடம் காலியானது. உட்கார்ந்து பார்க்கிற வேலை. அதற்கு ஞாயிறு காலை பத்து மணிக்கு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் காமிராவைப் போட்டுக்கொண்டு பரீட்சை எழுத வேண்டும். நடுவில் நின்றால் நின்றதுதான், மறுபடி விடமாட்டார்கள். அவளிடம் இருந்ததோ நாத்தனார் கழித்துக் கொடுத்த பழைய லேப்டாப். மாதிரிப் பரீட்சையில் காமிராவைத் திறந்ததுமே இரண்டு தடவையும் உறைந்து நின்றது.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து கடைக்குத் தூக்கிப் போனாள். கடைக்காரர் பாலகணேஷ் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“மெமரி பத்தலக்கா. நாலு ஜிபிதான் இருக்கு. பக்கத்துல ஒரு ஸ்லாட் சும்மா கெடக்கு, அதுல எட்டு போட்டா பறக்கும். ஆனா செவ்வாக்கெழம வாங்க, கையில அம்புட்டு வேலை.”

“செவ்வாக்கெழம வந்து என்னத்துக்கு? சாமானக் குடுங்க, நானே மாட்டிக்கிடுதேன்.”

“நீங்களா?”

“ஏன், எனக்குக் கை இல்லையா?”

சிரித்தாலும் மனுஷன் நல்லவர். மாடல் நம்பர் பார்த்து, பொருந்துகிற மெமரியாக எடுத்துக் கொடுத்தார். “மொதல்ல பேட்டரி வயரக் கழத்திருங்க. மெமரி ஓரத்துல இருக்க தங்கக் கலர் பல்லு மேல வெரல் படக்கூடாது.”

சனிக்கிழமை மத்தியானம் போனில் வீடியோவை மூன்று முறை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். சாப்பிட வந்த புருஷன் அழகுராஜா, ஆட்டோக்காரர், தலைக்கு மேல் நின்றார்.

“ஏட்டி, இருக்கதையும் கெடுத்துப்புடாத. நாளைக்குச் சிலேட்டுலயா எழுதப் போற?”

“நீங்க ஆட்டோ இஞ்சினப் பிரிச்சப்ப யாரக் கேட்டிய?”

“அது வேற.”

“அதுவும் ஸ்க்ரூதான், இதுவும் ஸ்க்ரூதான். வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க.”

கழற்றிய பதினோரு ஸ்க்ரூவையும் கழற்றின வரிசையிலேயே பிளாஸ்திரித் துண்டில் ஒட்டிவைத்தாள். பேட்டரி வயரை உருவினாள். மெமரியைத் தொடுமுன் பெயின்ட் போன ஜன்னல் கம்பியைப் பிடித்தாள். காற்றில் ஈரம் குறைந்தால் மில்லில் பஞ்சு கையோடு ஒட்டிக்கொண்டு சுள்ளென்று இழுக்கும். உடம்பில் ஏறிய கரண்ட்டை இரும்பில் இறக்கிவிட வேண்டும் என்பது அவளுக்கு வீடியோ சொல்லித் தெரிந்ததல்ல.

சாய்த்துச் செருகி, அழுத்தினாள். ‘டக்’கென்று சத்தம் கேட்கும் என்று சொல்லியிருந்தான் வீடியோக்காரன். கேட்ட மாதிரி இருந்தது. வயரை மாட்டி ஆன் செய்தாள்.

திரை கறுப்பு. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். கறுப்பேதான்.

அழகுராஜாவின் முகத்தைப் பார்க்காமல் மறுபடி எல்லாவற்றையும் அணைத்தாள், வயரை உருவினாள். இந்தக் காதை நம்பினது என் தப்பு என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டு மெமரியின் இரண்டு ஓரத்தையும் விரலால் தடவினாள். இடது பக்கக் கொக்கி பிடித்திருந்தது. வலது பக்கம் நூல் கனத்துக்கு ஓர் இடைவெளி. கழற்றித் திரும்பச் செருகி, விரலுக்குச் சமமாகப்படும்வரை அழுத்தினாள்.

திரை எரிந்தது. பன்னிரண்டு ஜிபி என்று காட்டியது.

“இப்பச் சொல்லுங்க.”

“என்னத்தச் சொல்ல? சோறு போடுட்டி, பசிக்கி” என்றார் அழகுராஜா. பிறகு அவரே போய்த் தட்டு எடுத்துவந்தார், அவளுக்கும் சேர்த்து இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம். லேப்டாப் ஒரு தடவைகூட முக்கவில்லை. முதல் கேள்வியே நூல் எதனால் அறுகிறது என்பது. பதினெட்டு வருஷம் படித்த பாடம்.

சாயங்காலம் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டாள். வாசலில் அழகுராஜா யாருக்கோ போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: “லேப்டாப் ஸ்லோன்னா இங்க கொண்டுவாலே. எங்க வீட்டுல பாத்துக்கிடுவாவ.”

‘வா, போ’ என்றே பேசிப் பழகிய மனுஷன் ‘பாத்துக்கிடுவாவ’ என்று மரியாதை வைத்துச் சொன்னது, அந்த மந்தக் காதுக்கும் நன்றாகவே கேட்டது.