மரியசெல்வம் கட்டிய கவர்

எங்கள் தெருவில் மாதா சிலை இருக்கிற கல்குகை, அந்தக் கெபியைச் சுற்றி நிற்கிற செடித்தொட்டிகளைப் பதினொரு வருடமாக நான்தான் பார்த்து வந்தேன். செப்டம்பர் எட்டாம் தேதித் திருவிழாவில் மாதா காலடியில் வைக்கிற தொட்டியும் என்னுடையதுதான். அதில் யாருக்கும் கேள்வி இருந்ததில்லை. மரியசெல்வம் எங்கள் நாகல் நகருக்குக் குடி வந்த பிறகுதான் கேள்வி வந்தது.

அவளைப் பற்றி எழுதுவதென்றால் என் பொறாமையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மறைத்தால் ஆண்டவருக்குத் தெரியும்.

அவளுக்குக் குஜிலியம்பாறை பக்கம். வானம் பார்த்த பூமி. மூன்று வருடம் மழை தவறியதும் புருஷன் பிரிட்டோவோடு வத்தலக்குண்டுக்குப் போய், ஒரு நர்சரியில் எட்டு வருடம் வேலை பார்த்தாள். பிரிட்டோவுக்கு டவுனில் லோடு வண்டி ஓட்டுற வேலை கிடைத்ததும் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். இங்கே இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். வந்த இரண்டாம் மாதமே நாலு தொட்டியைக் கெபிக்குக் கொண்டுவந்து வைத்தாள். என் தொட்டிக்குப் பக்கத்திலேயே.

அதே அகல இலைச் செடி, அதே மண், அதே குழாய்த் தண்ணீர். அவளுடைய இலை மட்டும் மினுமினுக்கும். என்னுடையது ரோட்டுப் புழுதி படிந்து மங்கலாக நிற்கும். போன ஜூலையில் பங்குச் சாமியார் போகிற போக்கில், "இது யாரு வச்ச செடி? மாதாவுக்கே குளுகுளுன்னு இருக்கும் போல" என்றார். அவள் செடியைப் பார்த்துத்தான் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோயில் கமிட்டி சேவியர் அண்ணன் வேறு வந்து, "இந்த வருசம் மரியசெல்வம் தொட்டியக் காலடியில வைக்கலாமா?" என்று கேட்டார்.

"கொடியேத்தம் வரட்டும்ணே, பாப்போம்" என்றேன்.

அவள் இலைக்கு எண்ணெய் போடுகிறாள் என்று நானாக முடிவு கட்டினேன். பீடத்து மரச் சிலுவையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத்தான் நாங்கள் மினுக்குவோம். கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்னே, ஜெபமாலை சொல்லிக்கொண்டே என் செடியில் ஒவ்வோர் இலைக்கும் மேலும் கீழும் எண்ணெய் தடவினேன். இரண்டு நாள் கண்ணைப் பறித்தது. நாலாம் நாள் வெளிறியது. ஆறாம் நாள் தலை தொங்கிப் போய்விட்டது.

ஏழாம் நாள் காலையில் பார்த்தால், என் செடியின் ஓர் இலையில் மாவு கட்டுகிற பிளாஸ்டிக் கவரை மாட்டி நூலால் கட்டியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சேவியர் அண்ணனைக் கூட்டி வந்தேன்.

"பாருங்கண்ணே, என்னமோ செஞ்சு வச்சிருக்கா."

மரியசெல்வம் மாவுக் கையோடு வந்தாள். "நான்தான் கட்டுனேன்க்கா. என் செடியிலயும் ஒண்ணு கட்டிருக்கேன். மத்தியானம் வரைக்கும் அவுக்காதீங்க."

"செடி பட்டுப் போறது போதாதா ஒனக்கு?"

"பட்டுப் போறதுனாலதான் கட்டுனேன்."

"ஒரு கவருக்குப் போயி பஞ்சாயத்தா? நான் சாப்ட்டு வாரேன்" என்று சேவியர் அண்ணன் நழுவிவிட்டார்.

மத்தியானம் அவள் செடியின் கவருக்குள்ளே முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது. என் செடியில் கட்டியது காய்ந்து கிடந்தது. அவள் என் இலையைத் திருப்பி விரலால் தேய்த்து, மோந்து பார்த்தாள்.

"தேங்காண்ணெய். ஏன்க்கா, தாளிக்கப் போறீங்களா?"

நான் மாதா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை.

"இலைக்கு அடியிலதான்க்கா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை அம்புட்டும் இருக்கு. அது வழியாத்தான் காத்தை இழுக்கும். வேரு அனுப்புற தண்ணி இந்த நரம்பு வழியா வரும். ரெண்டையும் வச்சு, வெயிலை அடுப்பாக்கி, செடிக்குச் சாப்பாடு ஆக்குறதே இலைதான். மிச்சத் தண்ணிய ஆவியா விட்ரும், அதான் என் கவருல முத்தா கோத்துருக்கு. நீங்க அந்த ஓட்டைய அடைச்சுட்டீங்க."

"அப்ப நீ எதைத்தான் தடவுற?"

"சனிக்கிழமை ஈரத்துணியில துடைப்பேன். புழுதி போனாத்தான வெயிலு உள்ள எறங்கும்." இலையின் ஓரத்தை விரலால் சுருட்டிக் காட்டினாள். "எங்க காட்டுல சோளத்தோகை மத்தியானத்துல சுருட்டிக்கிரும்க்கா. இருக்குற தண்ணி போயிரக் கூடாதுன்னு ஓட்டைய மூடிக்கிரும். மூடுனா காத்து ஏது, சமையல் ஏது? அப்படிப் பட்டினி கெடந்துதான் எங்க சோளம் போச்சு."

பிறகு எண்ணெய்ப் பிசுக்கு போக, பூந்திக்கொட்டையை ஊறவைத்த நுரைத் தண்ணீரில் என் இலைகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். மாவு வியாபாரத்தை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நன்றி வர வேண்டிய இடத்தில் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வந்தது. இதிலும் அவள்தானே ஜெயிக்கிறாள்.

திருவிழாவன்று சேவியர் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "அவளோடதையே வைங்க" என்றேன். ஏழு இலையோடு மிஞ்சிய என் தொட்டி கெபிக்குப் பின்னால் நின்றது. வந்தவர்கள் எல்லாம் அவள் செடியை மெச்சினார்கள். என் கை ஜெபமாலையில் இருந்தது, காது அங்கே இருந்தது.

அக்டோபரில் என் செடியில் ஒரு குருத்து சுருளாக எழும்பியது. இப்போது சனிக்கிழமைதோறும் அவளுக்கு முன்னாடியே ஈரத்துணியோடு போய்விடுகிறேன். என் இலைகளை மேலும் கீழும் துடைக்கிறேன். துணியில் ஈரம் மிச்சமிருந்தால், மாதா பார்க்கிறாளே என்று அவள் செடியிலும் ஓர் இலையைத் துடைத்து விடுகிறேன். ஒரே ஓர் இலை. மற்றதை அவளே துடைத்துக்கொள்ளட்டும்.