குழாய் ஆயா இல்லாத காலை

எங்கள் தெருவுக்கு முனிசிபாலிட்டி குழாய் ஒன்றுதான். காலையில் தண்ணீர் வரும். எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் நியமிக்காமலே அந்தக் குழாய்க்கு அதிகாரியாக இருந்தவர், அதற்கு எதிர்வீட்டில் தனியாக வாழ்ந்த ஒரு கிழவி. குழாய் ஆயா என்போம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு முதலில், தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற நெசவாளர் வீட்டுக்கு அடுத்து, வாய் நீளமானவர்களுக்கு அப்புறம் என்று அவரிடம் ஒரு வரிசை இருந்தது. மீறினால் குடம் சாக்கடையில் உருளும். கூடவே வசவும்.

நான் மூன்றாவது படிக்கும்போது, ஒரு விடியற்காலையில் ஆயா தூக்கத்திலேயே போய்விட்டார். வாலாஜாபாத்தில் இருந்த அவருடைய தம்பி மகனுக்கு ஆள் அனுப்பிவிட்டு, தெருப் பெண்கள் எல்லாரும் சாவு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன்.

இறந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டுமே. “தங்கமான மனுஷி” என்று ஆரம்பித்தாள் பால்காரரின் மனைவி. எல்லாரும் ஆமாம் என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அம்மா வாயைத் திறந்தாள், கொஞ்சம் யோசித்தாள், மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே குழாய் ‘புஸ்’ என்று காற்றை விட்டது.

யாரும் அசையவில்லை. ஆனால் எல்லார் கண்ணும் வாசலுக்குப் போய்விட்டது.

“ஆயாவைக் குளிப்பாட்டத் தண்ணி வேணாமா?” என்று எழுந்தாள் அம்மா.

“அதானே, அதுக்குத்தாம்மா” என்று பால்காரரின் மனைவியும் எழுந்தாள். கூடம் காலியாகிவிட்டது.

குழாயடியில் அன்று எல்லாருமே முதல் ஆள்.

“எங்க வூட்ல கைக்கொழந்த இருக்குது, வழிவிடுங்க” என்றாள் ஒருத்தி.

“உங்க கொழந்த எட்டாங்கிளாஸ் படிக்குதே!” என்றாள் அம்மா. “ஆயா இருந்தா இந்நேரம் உங்க குடத்த ஒதைச்சிருக்கும்.”

“உங்கள மட்டும் வுட்டுச்சா? எருமைன்னு கூப்ட்டுச்சே” என்று அவள் அம்மாவைத் திருப்பிக் கேட்டாள்.

“எருமைன்னா பரவால்லியே! உன்னக் கட்டிக்கினவன் பாலாத்துல வுழுந்திருக்கலாம்னு என் மொகத்துக்கு நேரா சொல்லிச்சி” என்றாள் இன்னொருத்தி.

“பாலாத்துல தண்ணி ஏது?”

“அதயும் கேட்டேன். மணல்ல வுழுந்தாலும் ஒன்கிட்ட இருக்கறதுக்குத் தேவலான்னுச்சி.”

யார் அதிகமாகத் திட்டு வாங்கியது என்பதில் போட்டியே வந்துவிட்டது. அம்மா இடுப்பில் கைவைத்து ஆயாவின் குரலிலேயே திட்டிக்காட்ட, பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போதுதான் சைக்கிள் ரிக்‌ஷாவிலிருந்து தம்பி மகன் ரோஜா மாலையோடு இறங்கினார். சிரிக்கிற கூட்டத்தையும் ஆயாவின் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏம்மா, எங்க அத்த தவறிட்டாங்கன்னு சேதி வந்துது. பொழச்சிக்கினாங்களா?”

பால்காரரின் மனைவிதான் முதலில் உடைந்தாள். பிறகு எல்லாரும் ஓவென்று அழுதார்கள். அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இல்லபா. நீ உள்ள போ. நாங்க தண்ணி புடிச்சிக்கினு வந்துர்றோம்” என்றாள்.

இவ்வளவுக்கும் என் அத்தை வாயே திறக்கவில்லை. அவள் அப்பாவின் தங்கை. கணவன் வீட்டிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். ஆயாமேல் அதிகக் குறை சொல்ல வேண்டியவள் அவள்தான். “நீ இரு, ஒனக்கு என்னா அவசரம்?” என்று அவளை மட்டும் தினமும் கடைசியில் நிறுத்திவிடுவார். தெருவே தண்ணீர் பிடித்துப் போன பிறகும் அவர்கள் இருவரும் குழாயடியில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஏறியபின் அத்தை முகம் கழுவிக்கொண்டு வீடு திரும்புவாள். அதற்காகவே எனக்கு ஆயாவைப் பிடிக்காது.

அன்று தடுக்க ஆள் இல்லை என்று அத்தையின் குடத்தை நான் முன்னால் நகர்த்தி வைத்தேன். அவள் அதை இழுத்து மறுபடி கடைசியில் வைத்தாள். அவள் முறை வந்தபோது தண்ணீர் நூலாக இளைத்து, நின்றேவிட்டது. அரைக்குடம்கூட நிறையவில்லை. எல்லாரும் போய்விட்டார்கள். அத்தை குழாய்க் கல்லில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“நின்னுடுச்சி, வா அத்த” என்று இழுத்தேன். வரவில்லை. அரைக்குடம் தண்ணீருக்கா ஒரு பெரிய மனுஷி இப்படி அழுவது என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு ஓடி, அம்மாவின் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டுவந்து அவள் குடத்தில் ஊற்றினேன்.