காற்றுப் படக்கூடாத கேன்

சறுக்குவண்டியின் கயிற்றைத் தோளில் மாட்டி இழுத்தபடி ஜூரா பனித் தெருவில் விரைகிறாள். வண்டியில் கம்பளியும் கணவனின் பழைய மேல்கோட்டும் சுற்றிய பால் கேன். யார் கூப்பிட்டாலும் நிற்பதில்லை. கூப்பிட்டவர் வீட்டு ரொட்டியில் ஒரு விள்ளலாவது வாயில் போடாமல் கடந்து போவது எங்கள் நரின் மலைப்பக்கத்தில் பெரிய அவமதிப்பு. அதனால் பெண்கள் ரொட்டியோடு கூடவே ஓடிவந்து அவள் வாயில் திணித்துவிடுவார்கள். மென்றுகொண்டே நடப்பாள். நலம் விசாரிப்பதெல்லாம் திரும்பும்போதுதான்.

கேனில் இருப்பது பால் இல்லை. நல்ல மாட்டின் வயிற்றுச் சாறு. அதில் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் உண்டு. அவை வைக்கோல் தண்டுக்குள் வேரை இறக்கி, நொதிகளைச் சுரந்து, கடினமான நாரைக் கரைக்கின்றன. சூடு ஆறினால் ஓய்ந்துவிடும், காற்றுப் பட்டால் செத்துவிடும். ஆகவே கேனை விளிம்பு வரை நிரப்பி மூடுவாள். “கதவைச் சாத்தினாத்தான் அதுங்க வேலையே பாக்கும். நம்ம மூச்சுக்காத்துதான் அதுங்களுக்கு விஷம்” என்பாள்.

ஜூரா கால்நடை மருத்துவர் அல்ல. தலைநகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் தொழுவம் கழுவி, மாடு பிடித்து, குப்பிகளைக் காற்றுப்புகாமல் மூடியவள். படித்தவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை எல்லாம் காதில் போட்டுக்கொண்டாள். ஊர் திரும்பி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. குட்டை விரல்கள், உரத்த குரல், மூக்கு எதற்கும் சுளிக்காது. அவள் சமையலறையில் இரண்டு சல்லடைகள் எதிரெதிர்ச் சுவர்களில் தொங்கும்: ஒன்று மாவுக்கு, ஒன்று சாணத்துக்கு. விருந்தாளிகள் எது எதுவென்று கேட்டுவிட்டுத்தான் ரொட்டியில் கை வைப்பார்கள்.

போன பிப்ரவரியில் எங்கள் தெருக் கல்பூபு ஆள் அனுப்பினாள். இறந்த தன் கணவனின் ஆண்டு நினைவு விருந்தில் இரண்டு மூட்டை ரொட்டி மிஞ்சிவிட்டது. ரொட்டியைக் குப்பையில் போடுவது பாவம் என்று எல்லாவற்றையும் பசுவுக்குப் போட்டுவிட்டாள். வீட்டில் இருப்பது அந்த ஒரே பசு, அதுவும் சினை. வயிறு புளித்துப் பசு விழுந்துவிட்டது. மருத்துவர் சோடா உப்புக் கரைத்து ஊற்றி எழுப்பி நிறுத்தினார். ஆனால் மூன்று நாளாகியும் அது அசைபோடவில்லை. மே மாதம் புல் முளைக்கும் வரை கொட்டகையில் பார்லி வைக்கோலைத் தவிர வேறெதுவும் பெரிதாக இல்லை.

ஜூரா ஒரு கை சாணத்தைச் சல்லடையில் அலசினாள். விரல் நீள வைக்கோல் அப்படியே நின்றது.

“போன மாதிரியே வெளிய வந்திருக்கு பாரு. புளிப்புல உள்ள இருந்த வேலையாளுங்க செத்துட்டாங்க.”

“நான்தான் கொன்னுட்டேனா அக்கா?”

“ரொட்டி கொன்னுச்சு. நீ மூட்டையை அவிழ்த்த, அவ்வளவுதான். அழுறதை நிறுத்திட்டு வெந்நீர் வை.”

சாறு யார் மாட்டிலிருந்து எடுப்பது என்பதில் தகராறு வந்தது. தானியம் தின்று மினுமினுக்கும் மாடுகள் தெருவில் நாலைந்து இருந்தன; கல்பூபு அதில் ஒன்றைக் கேட்டாள். ஜூரா நேராகத் தெருக்கோடி மாம்பெத்தின் கிழட்டுப் பசுவிடம் போனாள். இடுப்பெலும்பு துருத்தியது, வால் பாதி முடி இழந்தது, வேலிக் குச்சியையும் தின்னாமல் விடாது.

“என் மாட்டைப் பாத்து ஊரே சிரிச்சதே” என்றான் மாம்பெத். “இப்ப மருந்துக்கு அதுவே வேணுமாக்கும்?”

“அழகுக்கா வந்தேன்? முரட்டுத் தீனி திங்கிற வயித்துலதான் சரக்கு இருக்கும். தலையைப் பிடி.”

ரப்பர் குழாயை வாய்வழி இறக்கிக் கைப்பம்பால் சாறு இழுத்தாள். பச்சைப் பழுப்பு, கெட்டி வாசனை. வழியில் யாரோ திணித்த ரொட்டி முடிவதற்குள் கல்பூபுவின் கொட்டகை வந்துவிட்டது. அதே குழாயால் சாற்றைப் பசுவுக்குள் இறக்கினாள். மூன்று நாள் இப்படியே. நடுவில் கல்பூபுவின் மாமியார், இது அசுத்தம் என்றாள். மாடு செத்தால் சுத்தமாகப் புதைத்துக்கொள்ளலாம் என்று ஜூரா சொன்னதும் கிழவி உள்ளே போய்விட்டாள்.

ஐந்தாம் நாள் காலை. பசுவின் இடது விலாவில் காதை வைத்த ஜூரா, ஒரு விரலைத் தூக்கிக் கல்பூபுவைப் பேசவிடாமல் நிறுத்தினாள். வெகுநேரம். பிறகு பசுவின் தொண்டையில் ஒரு உருண்டை மேலேறியது. கீழ்த்தாடை பக்கவாட்டில் அசையத் தொடங்கியது. கல்பூபு பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஓடிப்போய், தவிட்டில் காய்ச்சிய சூடான கஞ்சியை வாளி நிறையக் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூரா வாளியைக் காலால் நகர்த்தினாள். வைக்கோற்போரின் அடியில் கையை விட்டு, இருப்பதிலேயே முரட்டு வைக்கோலாக ஒரு பிடி உருவி, பசுவின் வாயருகே நீட்டினாள்.