கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஓலைப்பை

அடுத்த அறையில் படபடவென்று துப்பாக்கி வெடித்தது. ஒலிநாடாதான். நடுவில் அது சிக்கி இழுக்க, யாரோ தட்டிச் சரிசெய்தார்கள்.

"சண்டையிலகூட துப்பாக்கி இவ்வளவு ஒழுங்கா வெடிக்கல," என்றாள் இசாங்.

லகூனாச் சந்தையில் கருவாடு விற்கும் இசாங், ஜப்பான்காரன் காலத்தில் மீன்கூடைக்கு அடியில் வைத்து மலைப் போராளிகளுக்குத் தோட்டா கொண்டுபோனவள். அதற்காக இன்று யாரும் அவளை அழைக்கவில்லை. அண்ணன் மெலிட்டோனுக்குக் கல்லறைகூடக் கிடையாது. அவன் பெயர் இந்தச் சுவரில் இருப்பதைப் பார்க்கத்தான், இருந்த ஒரே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

மேயர் ரொகேலியோ தன் பரம்பரை வீட்டையே போர்க்கால அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார். இன்று திறப்புவிழா, ஊருக்கே விருந்து. சுவரெல்லாம் அவருடைய அப்பா அன்செல்மோதான். குதிரைமேல் அன்செல்மோ, நாற்காலியில் அன்செல்மோ. படத்துக்கு நின்ற நேரம் போக மிச்ச நேரத்தில் நாட்டை மீட்டிருப்பார் போலும்.

"இசாங் அக்கா, உங்க அண்ணன் பேரையும் பொறிச்சாச்சு. எங்கப்பா பேருக்கு நேர் கீழ. சந்தோஷந்தானே?"

சின்னப் பித்தளைத் தகட்டில் மெலிட்டோன். அவள் அதை விரலால் தடவிப் பார்த்தாள். "போதும் மேயர். இது போதும்."

"இதையும் பாருங்க, பரண்ல கெடைச்சுது. அப்பா இதைக் கவுத்துக்கிட்டு மாறுவேஷத்துல போராளிங்களப் பார்க்கப் போயிருக்காரு."

கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஓலைப்பை. கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள்.

இந்த ஓட்டைகளை இசாங் ஜப்பான்காரன் காலத்தில் நேரில் பார்த்திருக்கிறாள். அன்று ஆண்களையும் பெண்களையும் மாதா கோயில் முற்றத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். தலையில் பை கவிழ்த்த உள்ளூர்த் துரோகி ஒருவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். மெலிட்டோன் முன்னால் பை நின்றது. மேலும் கீழும் அசைந்தது. ஜப்பான்காரன் அவனை இழுத்துப்போனான். இந்த ஊரில் பை கவிழ்த்தவன் ஒருத்தன்தான். அவன் யாரென்பது மட்டும் இத்தனை வருஷமாகத் தெரியாது. பெற்ற பிள்ளையே இப்போது பெயர் எழுதி, விளக்குப் போட்டுக் காட்டுகிறான்.

வயதானவர்கள் எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். பார்த்த கையோடு நூடுல்ஸ் தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். வீரம் விளைந்த ஊர்.

"உங்கப்பா போராளிங்களப் பார்த்தது நெசந்தான்," என்றாள் இசாங். "எங்கண்ணன் மூஞ்சிய நல்லாப் பார்த்துத்தான் தலைய ஆட்டினாரு."

மேயரின் சிரிப்பு வற்றியது. "என்ன சொல்றீங்க?"

"நான் சொல்லவேணாம். இந்தப் பெரியவங்களக் கேளுங்க, முழுங்கிட்டுச் சொல்வாங்க."

ஒருவரும் நிமிரவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்துத்தான் மேயரின் முகம் வெளுத்தது.

இசாங் விருந்து மேசையிலிருந்து ஒரு முள்கரண்டியை எடுத்தாள். அண்ணனின் தகட்டுக்கு அடியில் செருகி நெம்பினாள். ஆணி தெறித்து விரலைக் கிழித்தது. ரத்தம் சொட்டச் சொட்டத் தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"செத்தும் அவன் இவரு காலடியில கெடக்க வேணாம்."

என்ன செய்வதென்று தெரியாத மேயரின் மனைவி, வழக்கமான உபசாரத்தைச் சொல்லிவைத்தாள்: "சாப்பிட்டுட்டுப் போங்களேன், அக்கா."

"நீங்க சாப்பிடுங்க தாயி. உங்களுக்குத்தான் செமிக்கும்."

அவள் படியிறங்கியதும், மேயரே வந்து கதவைச் சாத்தினார்.