அளவுக்காரியின் ரத்தப் பரிசோதனை

ஈயத்தகட்டு ஆலையில் அவளுக்கு அளவுக்காரி என்றுதான் பெயர். கூரைக்குப் போகிற தகடு ஒவ்வொன்றும் அவள் கைபட்டுத்தான் வெளியே போகும். உருக்கிய ஈயத்தைப் பாளமாக வார்த்து, இரண்டு உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக ஓட்டி ஓட்டி மெலிய வைப்பார்கள். கடைசியில் தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டரோடு அவள் வந்து நிற்பாள். 1.8 மில்லிமீட்டர் என்றால் நீலப் பட்டை ஒட்டுவாள். அதைவிடத் தடித்த அடுத்த ரகத்துக்குச் சிவப்பு. நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் தகடு மறுபடி உலைக்கே. மேலாளரே வந்து பல்லிளித்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

அந்த வருஷம் அவள் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மைக்ரோமீட்டரைத் திருகும்போது மணிக்கட்டு துவண்டது. அடிக்கடி வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. மூன்று மாதத்துக்கொருமுறை ரத்தத்தில் ஈயம் பார்ப்பார்கள். வரம்பு தாண்டினால் அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள். அவளும் தங்கையும் அவள் சம்பளத்தில்தான் காலம் தள்ளினார்கள்.

தங்கை வீட்டோடு இருப்பவள். ஆலைப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. அவளிடம் போய் அளவுக்காரி கெஞ்சினாள்.

"இந்த ஒரு தடவை எனக்குப் பதிலா நீ போய் ரத்தம் குடுத்துட்டு வந்துடு. உன் ரத்தத்துல ஒண்ணும் இருக்காது."

தங்கைக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனாலும் போனாள். ஆய்வுக்கூடத்தில் சீட்டைப் பார்த்தார்களே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் ஆலை டாக்டர் அளவுக்காரியைக் கூப்பிட்டனுப்பி, பரிசோதனைத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார். வரம்பைத் தாண்டியிருந்தது. இருக்கவே முடியாது, எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அவள் சாதித்தாள்.

டாக்டர் நிதானமாகக் கேட்டார். "வேலைத் துணிய இங்கேயே விட்டுட்டுப் போறீங்களா, வீட்டுக்குக் கொண்டு போறீங்களா? அதுல ஒட்டியிருக்கிற ஈயத் தூசி போதும்மா. துவைக்கிறவங்களுக்கும் ஏறும்."

ஆலையில் சலவைக்குப் போட்டால் துணி கிழிந்து வருகிறதென்று எட்டு வருஷமாக அவள் வீட்டுக்குத்தான் கொண்டுபோனாள். உதறித் துவைத்தது தங்கை. தலைவலி என்று அவள் படுத்தபோதெல்லாம் சோம்பேறி என்று ஏசியது இவள்.

"டாக்டர், அது என் ரத்தமில்ல. என் தங்கச்சியோடது."

அன்றைக்கே அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தங்கைக்கு இருந்ததைப்போல இரண்டு மடங்கு. ஆள் மாற்றி ஏமாற்றியதற்காக வேலையும் போயிற்று.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். தங்கை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று சாயங்காலம், "இனிமே உன் துணிய நீயே துவைச்சுக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.