பாலவாக்கத்துப் புல்

வேரோடு பிடுங்கிய புல்லை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலில் குட்டி யானை வண்டி வந்து நின்றது. அம்மா வழக்கம்போல் முதல் புல்லுக்கட்டை இழுத்தாள். அடியில் தூரும் மண்ணும் அப்பிக்கிடந்தன. "என்னப்பா, வேரோட வந்திருக்கே?" என்றாள். "நான் இன்னாமா பண்றது? பெரியவரு ஜேசிபி வுட்டு மொத்தத்தையும் தோண்டிக்கினு கீறாரு. மாட்டுக்காவது ஆவட்டும்னு அவருதான் ஏத்தி அனுப்சாரு" என்றார் வண்டிக்காரர்.

பெரியவர் என்றால் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன். அவரை எனக்குப் பிடிக்காது. வயதானவர், போகட்டும் என்று சமாதானம் சொல்கிறவர்கள் எங்கள் கொட்டிலைப் பார்த்ததில்லை. அப்பா போன பிறகு வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த மாடுகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன, என்னைக் கல்லூரிக்கும் அனுப்பின. மயிலாப்பூரில் புல்லுக்கு எங்கே போவது? பாலவாக்கத்தில் பெரியப்பா பேரில் ஒரு மனை முள் மண்டிக் கிடந்தது. "சும்மாதானே கெடக்கு, புல்லு போட்டுக்கோயேன்" என்று பெரிய மனது பண்ணினார். யாரும் மனையை வளைத்துப் போடாமல் காக்கச் சம்பளமில்லாத ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

அம்மா முள்ளை வெட்டி, மணலில் சாணியைக் கொட்டிக் கொட்டி மண்ணாக்கி, நேப்பியர் கரணைகளை நட்டாள். ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் வரும் புல் அது. அறுக்க அறுக்கத் தூரிலிருந்து மறுபடி ஆளுயரம் கிளம்பும். தூரில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது தெரிந்த மனுஷர்தான் தூரோடு எடுத்தார். அடுக்குமாடி கட்டப்போகிறேன் என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு இடமாவது தேடியிருப்போம். கேட்டதற்கு, "நெலம் யார் பேர்ல இருக்கோ அவா இஷ்டம்" என்றார். வைக்கோலும் தவிடும் வாங்கிக் கட்டுப்படியாகாமல் அம்மா மாடுகளை ஒவ்வொன்றாக விற்றாள். கடைசி மாட்டை ஏற்றி அனுப்பிய அன்று அவள் சாப்பிடவில்லை. நான் அவரை வாய்விட்டுச் சபித்தேன். இன்றுவரை அதற்காக வருந்தவில்லை.

போன மாதம் தாத்தாவின் தெவசம். பெரியப்பா அதை அந்த அடுக்குமாடி வீட்டில்தான் செய்கிறார். பிண்டத்தைப் பசுவுக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். எங்களிடம் மாடு இருந்தவரை அது ஆட்டோவில் எங்கள் கொட்டிலுக்கு வரும். பிறகு அவர் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மாட்டைப் பிடித்து வைத்திருந்தார். அதையும் இப்போது விற்றுவிட்டார்களாம். மதியம் எனக்குப் போன் செய்தார்.

"ஏண்டி கொழந்தே, சுத்துவட்டாரத்துல ஒரு பசு கெடைக்கலை. சாப்பிடாமக் காத்துண்டிருக்கேன். மயிலாப்பூர்ல யாராத்துலயாவது இருக்கா? அம்மாவைக் கேளு, அவளுக்குத் தெரியாம இருக்காது."

போனை அம்மாவிடம் நீட்டினேன். அவள் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"இங்க ஏதுண்ணா பசு? ஒங்காத்துக்கு எதிரதானே சமுத்திரம் இருக்கு, அதுல கரைச்சுடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு பால் தூக்கை எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் மாமி வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கே பால் கறக்கும் நேரம்.