இரண்டாவது டேப்பில் சந்தனம்

எண்பதுகளின் பிற்பகுதியில் தேனியில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் ஓர் அறை, ஒரு பழைய இயந்திரம், நான். தற்காலிகத் தொழிலாளர்களின் வருகை நாட்கள் அதில்தான் இருந்தன. போதிய நாட்கள் வேலை பார்த்தவர்களை ஆண்டுக்கு ஒருமுறை நிரந்தரமாக்குவார்கள். இயந்திரத்தில் ஏற்றி முடித்த வருகைப் பதிவேடுகளை, அறை ஒழுங்காக இருக்கட்டும் என்று, பழைய பேப்பர்காரரிடம் போட்டவன் நான்.

அந்த வருடம் பழைய இயந்திரத்தின் டிஸ்க் கீச்சிடத் தொடங்கியது. புதியது வந்து இறங்கியிருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் மூன்று டேப்புகளில் பிரதி எடுத்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு நாடாச் சுருள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அன்று மாலையே டிஸ்க் நின்றுபோனது. இனி எங்கள் பதிவுகள் எல்லாம் அந்த மூன்றில்தான்.

மறுநாள் நூற்கும் இயந்திரத்திலிருந்து ஃபிட்டரின் ஸ்பானர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். என் அறைக்கு நானே வைத்தேன். டப்பாவின் மேல் வைத்தால் பூஜை டப்பாவுக்குத்தான் என்று எனக்குப் பட்டது. மூடியைத் திறந்து, ஒவ்வொரு சுருளின் மேலும் ஒரு பொட்டு வைத்து மூடினேன். இரண்டாவதில் சந்தனம் தண்ணீராக இருந்தது. வழிந்ததைத் துடைத்தேன்.

மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் முதல் டேப்பைப் புதிய இயந்திரத்தில் மாட்டினார், படித்தது. இரண்டாவது டேப் பாதியில் நின்றது. சுருளைக் கழற்றி, நாடாவின் ஓரத்தை விரலால் தடவி முகர்ந்து பார்த்தார்.

"சார், டேப்புக்குமா பொட்டு வச்சீக?"

"வச்சேன்."

"நல்லவேளை, தேங்காய உடைக்கல." சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஒரு பகல் முழுவதும் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து நாடாவைத் துடைத்தோம். மற்றதெல்லாம் படித்தது. பதினாறு பேரின் ஒரு மாத வருகை மட்டும் வரவேயில்லை.

தவறு என்னுடையது என்று எழுதி மேனேஜரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். "அப்ப அவகளையே கேட்டு எழுதுங்க. பக்கத்துல நீங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்.

பதினைந்து பேருக்கு அந்த மாதம் எத்தனை நாள் என்றாலும் நிரந்தரமாவதில் மாற்றம் இல்லை. கடைசியாக வந்தவர் ஜெயமங்கலத்துப் பெண். நான்கு வருடமாகத் தற்காலிகம். அவருடைய மற்ற மாதங்களை முன்பே கூட்டி வைத்திருந்தேன். அந்த மாதத்தில் இருபத்திரண்டு நாள் இருந்தால் நிரந்தரம். அது அவருக்குத் தெரியாது.

"அந்த மாசம் எத்தனை நாள் வந்தீகம்மா?"

"பத்தொம்பது சார். மகளுக்கு அம்மை போட்டிருந்துச்சு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா நாள் கூடுமா சார்?"

மறுபடியும் கேட்டேன். அவருக்குச் சற்றுக் கோபம் வந்தது. "அம்மை எறங்கி மூணாந் தண்ணி ஊத்துன மறுநாத்தான் வந்தேன். நாள் எண்ணி எண்ணித்தான ஊத்துவோம்? அதுல என்ன மறதி?"

பத்தொன்பது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார்.

"சரியா எழுதிட்டீகளா?"

"எழுதிட்டேன்."

அவ்வருடப் பட்டியலில் அவர் இல்லை. அடுத்த வருடம் இருந்தார். டேப் கெடாமல் இருந்திருந்தாலும் அதே பத்தொன்பதுதான் வந்திருக்கும் என்று பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அப்போது அதை இயந்திரம் சொல்லியிருக்கும். அவர் வாயால் சொல்லவைத்தது நான்.